மற்ற பதிமூணும் எங்கே?

"மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார். பழைய நினைவா இருந்தாலும் சரி, உங்க சப்ஜெக்டா இருந்தாலும் சரி" என்று மலர்க் குழுவிலிருந்து தம்பி ஒருவர் தொலைபேசியில் கேட்டார். இரண்டும் எனக்கு ஒன்றுதான் என்று அவருக்குத் தெரியாது. 1974ல் இந்தக் கல்லூரியை விட்டு வெளியே போனவன் நான். அங்கே மூன்று வருஷத்தில் படித்த கணக்கில் பாதி மறந்துவிட்டது. விடுதிச் சாம்பாரின் ருசியைக்கூட (அதை ருசி என்று சொல்லலாமானால்) மறந்துவிட்டேன். ஆனால் எங்கள் புள்ளியியல் பேராசிரியர் ஒரு மத்தியானம் வகுப்பில் வைத்துக் கேட்ட ஒரே ஒரு கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தச் சரித்திரத்தைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இறுதியாண்டில் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்சி: ஏதாவது இரண்டு மாறிகளை எடுத்து, அவற்றுக்குள் என்ன உறவு என்று கணக்குப் போட்டு வகுப்பில் வாசிக்க வேண்டும். மாறி என்பது வேறொன்றுமில்லை, அளக்கும்போதெல்லாம் மாறி மாறி வருகிற எதுவும் மாறிதான்: மழை, விலை, உயரம், எடை. எங்கள் ஊர் மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் ஏரிப் பாசனத்தை நம்பிய ஒரு சிற்றூர். தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த தாய்மாமனைப் பிடித்து இருபது வருஷத்து மழைக் கணக்கை வாங்கினேன். அந்த மழையோடு எது சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று தேடினேன். அப்பாவின் வரவு செலவு நோட்டு, நூலகத்திலிருந்த புள்ளிவிவரக் கையேடு என்று கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தேன். கிளார்க்ஸ் டேபிளும் பென்சிலும்தான் துணை. கடைசியில் ஒன்று மாட்டியது: முந்தைய வருஷத்து நிலக்கடலை விலை! ஒட்டுறவுக் கெழு 0.47.

வகுப்பில் எழுந்து நின்று வாசித்தேன். காரணமும் தயாராக வைத்திருந்தேன். கடலை விலை ஏறினால் அதிகம் பேர் உழுவார்கள், உழுதால் மண்ணில் ஈரம் தங்கும், ஈரம் ஆவியாகி மேகமாகும்... கேட்கவே நன்றாகத்தான் இருந்தது. பின் பெஞ்சுக்காரர்கள் கைதட்டினார்கள். பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "எத்தனை பாத்தே?" என்றார்.

"சார்?"

"கடலை விலைக்கு முன்னாடி வேற எதெல்லாம் போட்டுப் பாத்தே? மொத்தம் எத்தனை?"

"பதினாலு சார்."

"அப்ப மற்ற பதிமூணும் எங்கே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவை வீட்டில் அடுப்பெரிக்கப் போய்விட்டன என்பதுதான் உண்மை. அவர் கரும்பலகையில் நாலே வரி எழுதினார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு எண் வரிசைகளை இருபது வருஷத்துக்கு எடுத்தாலும், கெழு 0.44க்கு மேல் (கூட்டலாகவோ கழித்தலாகவோ) வர இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு தடவை பார்த்தால் அது சின்ன வாய்ப்பு. பதினாலு தடவை பார்த்தால், எங்கேயாவது ஒன்று அப்படி வர ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. "நீ கண்டுபிடிச்சது மழையைப் பத்தி இல்லைடா. நாணயம் சுண்டறதைப் பத்தி" என்றார். கைதட்டிய அதே பெஞ்சு இப்போது சிரித்தது.

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்டு, அதற்கு ஒரு கணக்கும் எழுதியவர் கில்பர்ட் வாக்கர் என்ற ஆங்கிலேயர். அவர் அதை எழுதியது 1914ல், நம் நாட்டு வானிலைத் துறையின் தலைவராக இருந்தபோது. எழுதக் காரணமும் மழைதான். ஆனால் கதை அவரிடம் தொடங்கவில்லை. நம் ஊரில், தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்குகிறது.

1876ல் சென்னை ராஜதானியில் மழை பொய்த்தது. வடகிழக்குப் பருவமும் கைவிட்டது. அடுத்த இரண்டு வருஷத்தில் தென்னிந்தியாவில் மாண்டவர்கள் பல லட்சம். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்து நிவாரணக் கூலிக்காரர்கள் தோண்டியதுதான். இன்று அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். யார் தோண்டியது என்று நினைப்பதில்லை.

அந்தப் பஞ்சத்தின் நடுவில், 1877ல், அரசாங்கப் புள்ளிவிவரத் துறையின் தலைமை இயக்குநர் வில்லியம் ஹண்டர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நுங்கம்பாக்கம் வானாய்வகத்தால் சென்னைக்கு 1813லிருந்தே மழைப் பதிவு உண்டு. அந்த அறுபத்து நாலு வருஷத்து மழையை, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையோடு அவர் ஒப்பிட்டார். கரும்புள்ளிகள் சுமார் பதினோரு வருஷத்துக்கு ஒரு முறை கூடிக் குறைபவை. புள்ளி குறைந்த வருஷங்களில் சென்னையில் மழையும் குறைகிறது, தென்னிந்தியப் பஞ்சங்களுக்கும் அதே சுழற்சி இருக்கிறது என்றார் ஹண்டர். அதே வருஷம் நார்மன் லாக்யர் என்ற பெரிய வானியலாளரும் அவரோடு சேர்ந்து லண்டன் பத்திரிகை ஒன்றில் இதை எழுதினார். மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, 'அடுத்த பஞ்சம் எப்போது என்று சூரியனைப் பார்த்துச் சொல்லிவிடலாம்' என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் நம்பத் தோன்றாது!

மறுத்தவர் ஒரு ராணுவ எஞ்சினியர், ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. அதே 1877ல் ராயல் சொசைட்டியில் அவர் செய்தது மிக எளிமையான காரியம். ஹண்டரின் சுழற்சியை வைத்து ஒரு வருஷத்து மழையை ஊகித்தால் எவ்வளவு பிழை வரும்? சுழற்சியை எல்லாம் விட்டுவிட்டு, 'எப்போதும் போலச் சராசரி' என்று சொன்னால் எவ்வளவு பிழை வரும்? இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சராசரிகளை வரிசையாக அடுக்கினால் ஓர் ஒழுங்கு தெரிகிறது, ஆனால் ஒவ்வொரு சராசரிக்கும் அடியில் இருக்கும் தனித்தனி வருஷங்கள் தாறுமாறாகக் கிடக்கின்றன. எனக்கென்னவோ இந்தச் சரித்திரத்தில் ஸ்ட்ரேச்சிக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்றே படுகிறது. ஆசையைக் கிளப்பியவர் பெயர் நிற்கிறது. சரிபார்த்தவர் பெயர் நிற்பதில்லை.

ஹண்டரிடம் இன்னொரு குறையும் இருந்தது. சென்னையின் மழையை எடுத்துக்கொண்டு தென்னிந்தியா முழுமைக்கும் பேசினார். நமக்குப் பாதிக்கு மேல் மழை ஐப்பசி கார்த்திகையில். நாட்டின் பெரும்பகுதிக்கோ ஆனி முதல் புரட்டாசி வரை. இது நினைவிருக்கட்டும். இதே குழியில் நானும் பின்னால் விழப்போகிறேன்.

வானிலைத் துறை 1875ல் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக வந்தவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இவர் வேறு மாதிரி. எண்ணுக்கு முன் காரணத்தைத் தேடினார். இமயமலையில் வசந்த காலத்தின் பிற்பகுதியில் பனி அதிகம் விழுந்தால், நிலம் சூடாவது தாமதமாகும், வடமேற்கிலிருந்து வறண்ட காற்று வீசிக்கொண்டே இருக்கும், பருவமழை பின்வாங்கும் என்று 1884ல் எழுதினார். பனி என்பது காரணம், மழை என்பது விளைவு, நடுவில் காற்று. சங்கிலி கண்ணுக்குத் தெரிகிறது. 1886 ஜூன் 4ஆம் தேதி அவர் வெளியிட்டதுதான் நம் நாட்டின் முதல் முறையான பருவமழை முன்னறிவிப்பு.

அடுத்து வந்த ஜான் எலியட் பனியோடு நிற்கவில்லை. இந்தியப் பெருங்கடல், ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா என்று அழுத்தக் கணக்குகளையெல்லாம் சேர்த்தார். அறிக்கை பக்கம் பக்கமாக நீண்டது. 1899ல் மழை வழக்கத்தைவிட நன்றாக இருக்கும் என்றார். அந்த வருஷம் வந்ததோ கொடும் வறட்சி. ராஜஸ்தானத்தில் இன்றும் அதை 'சப்பனியா' என்பார்கள், விக்கிரம ஆண்டு 1956ல் வந்த பஞ்சம் என்று பொருள். பத்திரிகைகள் கிழித்தன. 1902லிருந்து சில வருஷங்கள் முன்னறிவிப்பே பொதுமக்களுக்கு வெளியிடப்படாமல் அரசாங்கத்துக்குள் ரகசியமாக வைக்கப்பட்டது. எலியட் சோம்பேறியல்ல. பல மாறிகளைப் பார்த்தார், ஆனால் எதற்கு எவ்வளவு எடை தருவது என்பதற்கு அவரிடம் தராசு இல்லை. மனத்துக்குப் பட்டதுதான் தராசு.

அந்தத் தராசு அதற்குள் இங்கிலாந்தில் தயாராகிவிட்டிருந்தது. ஃபிரான்சிஸ் கால்டன் 1888ல் ஆட்களின் முழங்கை நீளத்தையும் உயரத்தையும் அளந்து, இரண்டும் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து மாறுகின்றன என்பதை ஒரே எண்ணால் சொன்னார்: 0.8. அதற்கு இன்று நாம் போடுகிற சூத்திரத்தைக் கார்ல் பியர்சன் 1896ல் தந்தார். கெழு ஒன்று என்றால் ஒன்று ஏறும்போது மற்றதும் பிசகாமல் ஏறும். கழித்தல் ஒன்று என்றால் ஒன்று ஏற மற்றது இறங்கும். பூஜ்யம் என்றால் நேர்கோட்டு உறவு எதுவும் இல்லை. நம் வகுப்பில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும்.

இந்தத் தராசைக் கையில் எடுத்துக்கொண்டு சிம்லாவில் வந்து இறங்கியவர்தான் வாக்கர். 1904 ஜனவரியில் பொறுப்பேற்றார். கேம்பிரிட்ஜில் 1889ஆம் ஆண்டு கணிதத்தில் முதலாவதாக வந்தவர். வானிலை பற்றி அதுவரை ஒன்றும் செய்ததில்லை! எறிந்தால் திரும்பி வரும் பூமராங்கின் கணிதத்தை ஆராய்ந்தவர், எறிவதிலும் கெட்டிக்காரர். நண்பர்கள் வைத்த பெயரே 'பூமராங் வாக்கர்'. புல்லாங்குழல் பிரியர் வேறு. மேகத்தின் குணம் தெரியாத ஒருவரை ஏன் போட்டார்கள் என்று சிலர் கேட்டிருக்கலாம். ஆனால் தெரியாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. காரணம் புரியும்வரை காத்திருந்தால் பஞ்சம் காத்திருக்காது, எனவே முதலில் எது எதோடு சேர்ந்து மாறுகிறது என்று அளந்து பார்ப்போம் என்ற வழியை எடுத்தார்.

சிம்லா அலுவலகத்தில் இந்தியக் குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, உலகின் பல ஊர்களின் அழுத்தம், வெப்பம், மழை, நைல் நதி வெள்ளம் என்று எண் வரிசைகளைப் பெருக்கிக் கூட்டிக் கெழு கண்டார்கள். கணினி கிடையாது. இருபது எண்ணுக்கு நான் ஒரு கெழு போட ஒரு மாலைப்பொழுது ஆனது. அவர்கள் வருஷக்கணக்கில் அதைச் செய்தார்கள். கட்டுரைகளில் வாக்கர் பெயர் இருக்கிறது, அந்தக் கைகளின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

தேறி வந்த முதல் சூத்திரத்தில் நாலு மாறிகள்: மே மாத இறுதியில் இமயத்துப் பனி, மே மாதத்தில் மொரீஷியஸின் அழுத்தம், மார்ச் முதல் மே வரை தென் அமெரிக்காவின் அழுத்தம், ஏப்ரல் மே மாதங்களில் சான்சிபார் தீவின் மழை. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு எடை என்பதைக் கணக்கே சொன்னது. எலியட்டின் மனம் இருந்த இடத்தில் இப்போது ஒரு சமன்பாடு.

இங்கேதான் பேராசிரியரின் கேள்வி வருகிறது. நூற்றுக்கணக்கான கெழுக்களைப் போட்டுப் பார்த்து, அதில் பெரியதைப் பொறுக்கி எடுத்தால் என்ன ஆகும் என்று வாக்கரே தன்னைக் கேட்டுக்கொண்டார். 1914ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: ஒரு கெழு நம்பத்தக்கதா என்று பார்க்க, அந்த ஒன்றை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனையிலிருந்து அதைப் பொறுக்கினோம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதிகம் தேடினால், அதற்கேற்ப அதிகம் கோர வேண்டும். தன் சமன்பாட்டுக்கே வேட்டு வைக்கக்கூடிய கேள்வி இது. ஓர் இலாகாத் தலைவர் இதை அச்சில் ஏற்றுவது சாதாரண விஷயமா? அடுத்த வருஷமே சூரியக் கரும்புள்ளிகளையும் உலக மழையையும் அதே தராசில் வைத்தார். கெழுக்கள் மிகச் சிறியவையாகவே வந்தன. ஹண்டரின் கனவு அத்தோடு தீர்ந்தது என்று சொல்லமாட்டேன். அந்த மாதிரிக் கனவுகள் தீர்வதே இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலைச்சீட்டு எழுதியாகிவிட்டது.

இடையில் ஒரு சேதி. நம் மாணவர்கள் பலருக்கு வாக்கரைத் தெரியாது, ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை எல்லாரும் அறிவார்கள். 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் இருந்த ஒரு குமாஸ்தாவின் நோட்டை அவரிடம் காட்டினார்கள். தூய கணிதம் தன் துறை அல்ல, முழுமையாக மதிப்பிடத் தனக்குத் தகுதி இல்லை என்று சொல்லிக்கொண்டே, இந்த வேலை கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளர் ஒருவரின் வேலைக்கு ஈடான சுயத்தன்மை கொண்டது என்று 26ஆம் தேதி பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்தக் குமாஸ்தா ராமானுஜன். தனக்கு எது தெரியும், எது தெரியாது என்று கோடு போட்டுப் பேசுகிற அதே குணத்தை அந்தக் கடிதத்திலும் பார்க்கிறேன்.

தேடிக்கொண்டே போனதில், 1924ல் வாக்கர் ஒன்றைக் கண்டு பெயரும் வைத்தார். பசிபிக் கடலில் அழுத்தம் கூடும்போது, ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இந்தியப் பெருங்கடல் பக்கம் அழுத்தம் குறைகிறது. அது கூடும்போது இது குறைகிறது. ஊஞ்சல் பலகை மாதிரி. இதற்குத் 'தெற்கத்திய அலைவு' என்று பெயர். பசிபிக்கில் கை ஓங்கினால் நமக்கு நல்ல மழை. ஏன் என்று மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதே வருஷம் ஓய்வு பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். காரணமில்லாத கெழு வெறும் எண்தானே என்று பலர் ஒதுக்கினார்கள். 1958 நவம்பரில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்பு ஒன்றுகூட, அவர் நம்பியபடி காரியம் கைகூடவில்லை என்ற தொனியில்தான் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அவரை மெய்ப்பிக்கப் போகிற அளவுகள் அந்தச் சமயத்தில்தான் எடுக்கப்பட்டன. 1957-58 சர்வதேசப் புவிஇயற்பியல் ஆண்டு. அதே சமயம் பெரு நாட்டுப் பக்கம் கடல் அசாதாரணமாகச் சூடேறும் 'எல் நினோ' வந்தது. அந்த அளவுகளை வைத்து ஜேக்கப் பியர்க்னஸ் கடலின் வெப்பத்தையும் காற்றின் அழுத்தத்தையும் இணைத்துக் காட்டினார். கிழக்கே கடல் சூடானால் காற்று தளர்கிறது, காற்று தளர்ந்தால் கடல் மேலும் சூடாகிறது. எது காரணம், எது விளைவு என்று பிரிக்க முடியாமல் ஒன்றையொன்று தள்ளுகிற இரண்டு மாறிகள். பசிபிக்கின் மேலே கிழக்கு மேற்காகச் சுழலும் அந்தக் காற்றோட்டத்துக்கு 1969ல் அவர் வைத்த பெயர் 'வாக்கர் சுழற்சி'.

இதற்கு முன்பே, வாக்கருக்குப் பின் துறைக்குத் தலைவராக இருந்த சார்லஸ் நார்மண்ட் 1953ல் இன்னொரு சங்கடத்தைச் சொல்லியிருந்தார். நம் பருவமழை, தனக்கு முன் நடந்தவற்றோடு காட்டும் உறவைவிட, தனக்குப் பின் உலகில் நடப்பவற்றோடு காட்டும் உறவு பலமாக இருக்கிறது! அதாவது நாம் இத்தனை காலம் விளைவு என்று நினைத்த மழை, பல இடங்களில் காரணமாக இருக்கிறது. எந்த மாறி எதைச் சார்ந்தது என்று நாம் நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிவிடுகிறோம். இயற்கை அந்தப் பத்திகளை மதிப்பதில்லை.

பிறகு நடந்தவை நம் காலத்தவை. வசந்த் கோவரிக்கர் முதலானோரின் பதினாறு மாறிகள் கொண்ட சமன்பாடு 1988 முதல் முன்னறிவிப்புக்குப் பயன்பட்டது. 1997ல் நூற்றாண்டின் மிகப் பலமான எல் நினோக்களில் ஒன்று வந்தது. பஞ்சம் நிச்சயம் என்று பேசினார்கள். பெய்ததோ வழக்கமான அளவில் 102 சதவீதம். 2002ல் எல் நினோ சுமாரானதுதான், முன்னறிவிப்பும் 'இயல்பான மழை' என்றது. பெய்தது 81 சதவீதம், ஜூலையில் பாதி மழையைக் காணோம். 1999ல் கிருஷ்ணகுமார், ராஜகோபாலன், கேன் மூவரும் இந்த உறவே தளர்ந்து வருகிறது என்று எழுதினார்கள். அதே வருஷம் சாஜி, கோஸ்வாமி, விநாயச்சந்திரன், யமகாட்டா நால்வரும் இந்தியப் பெருங்கடலிலேயே வேறோர் ஊஞ்சல் இருப்பதைக் காட்டினார்கள். 1997ல் பசிபிக் இழுத்ததை அது எதிர்ப்பக்கம் இழுத்திருக்கலாம். மூன்றாவது ஆள் ஒருவன் நடுவில் நிற்பது தெரியாமல் இரண்டு பேரின் உறவைப் பற்றிப் பேசினால் இப்படித்தான் ஆகும்.

இவ்வளவும் படித்தவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு ஒட்டுறவுக் கெழு சொல்லிக் கொடுத்தவன். 2015ல் என்ன செய்தேன் தெரியுமா?

அந்த ஆவணியில் ஊரிலிருந்து தம்பி போன் பண்ணினான். எங்கள் கழனி அவன் பொறுப்பு. "அண்ணே, சம்பா நாத்து விடணும். ஏரி ரொம்புமா? என்ன போட்டிருக்கான் பேப்பர்ல?" நான் கெத்தாகச் சொன்னேன்: "பெரிய எல் நினோடா. இந்த வருஷம் மழை கிடையாது. கையைக் கடிச்சுக்காதே." நாடு முழுமைக்கும் அது சரியாகவே இருந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை 86 சதவீத மழைதான். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் அதே எல் நினோ பெரும்பாலும் நம் பக்கத்துக்கு மழையைக் கூட்டிக் கொடுக்கும். உறவு உண்டு, குறி மட்டும் மாறிவிடும். கழித்தல் கூட்டலாகும். இது அப்போதே ஆய்வுக் கட்டுரைகளில் இருந்தது. நான் தேடவில்லை. ஹண்டர் சென்னையின் கணக்கைத் தென்னிந்தியா முழுவதற்கும் விரித்தார். நான் இந்தியாவின் கணக்கை மதுராந்தகத்துக்குச் சுருக்கினேன்.

தம்பி என் சொல்லைப் பாதி கேட்டான். மேட்டுக் கழனியைத் தரிசாகப் போட்டான். ஏரியை ஒட்டிய பள்ளக் கழனியில் மட்டும் நட்டான், தண்ணீர் குறைந்தாலும் அது தாங்கும் என்று. நவம்பரில் பெய்தது உங்களுக்கே தெரியும். சென்னை டிசம்பர் முதல் தேதி மூழ்கியது. எங்கள் ஏரி கலங்கல் வழிந்து, பள்ளக் கழனி நெல் பத்து நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகியது. பிழைத்திருக்கக்கூடிய மேட்டுக் கழனியில் புல் முளைத்திருந்தது. அவன் கூட்டுறவுக் கடனை அடைக்க இரண்டு வருஷம் ஆயிற்று. அதில் ஒரு பகுதியை நான் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றான், அவன் பெண்சாதி வாங்கிக்கொண்டாள். பொங்கலுக்குப் போனபோது அவன் சொன்னது இவ்வளவுதான்: "உன் கணக்கு நல்ல கணக்குண்ணே. நம்ம ஊருக்குத்தான் பொருந்தல."

பேராசிரியர் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் போய்ச் சொல்லியிருப்பேன். கண்ணாடியைக் கழற்றியிருப்பார்.

2023லும் எல் நினோ. ஆவணியில் தம்பி மறுபடி கூப்பிட்டான். இந்தத் தடவை நான் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். எல் நினோ வந்த வருஷங்களை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். அவற்றில் நம் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை கூடியவை ஒரு பத்தி, குறைந்தவை ஒரு பத்தி. குறைந்தவற்றையும் விடாமல் எழுதினேன். தாளைப் பார்த்து இரண்டையும் அவனுக்கு வாசித்தேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அப்ப தெரியாதுன்னு சொல்லு."

"தெரியாதுன்னு இல்லடா. கூடத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா இத்தனை தடவை கூடல."

"சரி, அந்தத் தாளை அப்படியே போட்டோ எடுத்து வாட்சப்ல போடு. மேட்டுல நடறதா பள்ளத்துல நடறதான்னு நான் பாத்துக்கறேன்" என்றான். போட்டேன். மேட்டுக் கழனி முழுக்க நட்டான்.